வருகைப் பதிவேட்டில் இடமுண்டு, பள்ளியில் இடமுண்டா?

கல்வியாண்டு தொடங்கும் காலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பதாகை ஏந்தி நம் குடியிருப்புகளுக்கு வருகிறார்கள். விலையில்லாப் பாடநூல், சீருடை, மிதிவண்டி, காலை உணவு என்று பட்டியலிட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். நம் பெற்றோரும் சேர்க்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் 20 விழுக்காட்டினரான பட்டியல் சாதியினருள் பெரும்பாலோருக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. சேர்க்கைப் பதிவேடு நிறைகிறது. ஆனால் அதில் பெயர் ஏறிய குழந்தை "இது என் பள்ளி" என்று எப்போது உணர்கிறது, எந்த நாளில் அந்த உணர்வை இழக்கிறது என்பதை எந்தப் பதிவேடும் குறித்துவைப்பதில்லை.

சேர்க்கை வேறு, சொந்தம் வேறு. சேர்க்கைக்கு ஒரு நாள் போதும். சொந்தம் என்பது அன்றாடம் உறுதி செய்யப்பட வேண்டிய ஒன்று. பள்ளிகளில் சாதி பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நாம் அரிவாளையும் கையில் கட்டிய கயிற்றையும் பற்றியே பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. எனினும் பள்ளிக்குள் சாதி ஓசையின்றி இயங்குவது பங்கீடுகளின் வழியாக: யார் மணி அடிப்பது, யார் கூட்டுவது, யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் அணித்தலைவர், யாருடைய வீட்டுக்கு ஆசிரியர் வருவார், யாருடைய புகார் நம்பப்படும். இப்பங்கீடுகளை மாற்றாமல், பெயர்களையும் அடையாளங்களையும் மட்டும் நீக்கி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியைச் சொந்தமாக்க முடியாது. இதுவே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் வாதம்.

மணி அடித்த பிறகு நுழைந்த மாணவர்

இக்கேள்வி புதியதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில், கோயம்புத்தூரில் தாம் படித்த நாட்களை நினைவுகூர்கிறார். உடன் படித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிராமணர். தம்முடைய சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர் யாருடனும் நெருங்கிப் பழகாமல் இருந்தார். பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்தார். வகுப்பு கலைந்ததும் மாணவர்கள் தம்மை அணுகுமுன் விரைந்து வீடு திரும்பினார்.

அவருக்குச் சேர்க்கை மறுக்கப்படவில்லை. பாடம் மறுக்கப்படவில்லை. மறுக்கப்பட்டது மணிக்கு முந்தைய பொழுதும் மணிக்குப் பிந்தைய பொழுதும். விளையாட்டு, அரட்டை, தோள்மேல் கைபோட்டு நடக்கும் நடை, "உங்கள் வீடு எங்கே?" என்ற எளிய கேள்விக்கு அச்சமின்றிச் சொல்லும் விடை ஆகிய அனைத்தும் அப்பொழுதுகளில்தான் இருக்கின்றன. ஒரு பள்ளி மாணவருக்குச் சொந்தமாவதும் அங்கேதான்.

நூறாண்டுகளுக்கு மேல் கடந்தபின்பும் இந்த அச்சம் வேறு வடிவில் தொடர்கிறது. நகரத்துப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் பலர் தம் தெருவின் பெயரைச் சொல்லாமல் அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது என்று அறிவித்து, "எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று ஆசிரியர் சொல்லும் ஒரு நொடியில் அதுவரை காத்த மறைவு முழுவதும் கலைகிறது. ஆசிரியருக்கு அது அலுவலக வேலை. எழுந்து நிற்கும் மாணவிக்கு அது வகுப்பு முழுவதின் பார்வை. மாணவர்களின் சாதி விவரம் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. உதவித்தொகை வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. அப்படியிருக்க, வகுப்பறையில் ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்த வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது?

கயிறு எதற்குப் பயன்பட்டது?

2019ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதாகப் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அளித்த தகவலின் அடிப்படையில், அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்குமாறு அது கூறியது. வலதுசாரி அரசியல் தலைவர்கள் அதைச் சமய உரிமைப் பிரச்சினையாக்கினர். அச்சுற்றறிக்கை தம் கவனத்துக்கு வராமல் வெளியிடப்பட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் கூறியதோடு விவகாரம் முடிந்தது.

அந்த ஆரவாரத்தில் சுற்றறிக்கையின் முக்கியமான செய்தி ஒன்று புதைந்துபோயிற்று. கயிறுகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் அது சொல்லியிருந்தது: விளையாட்டு அணிகளுக்கு ஆள் எடுக்கவும், உணவு இடைவேளையில் ஒன்றுகூடவும் மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்தினர். அதாவது மணிக்கு வெளியேயுள்ள பள்ளியைப் பங்கிட்டுக்கொள்ளும் கருவியாகக் கயிறு இருந்தது. வகுப்பறையில் ஆசிரியரின் ஆட்சி. ஆடுகளத்திலும் மரத்தடியிலும் சாதியின் ஆட்சி.

கயிற்றை அறுத்தால் சாதி வேறொரு குறியைத் தேடிக்கொள்ளும். சட்டையின் நிறம், கைப்பேசியின் முகப்புப் படம், மிதிவண்டியில் ஒட்டிய ஒட்டுப்படம் என்று குறிகளுக்குப் பஞ்சமில்லை. அணிக்கு ஆள் எடுக்கும் அதிகாரமும் சாப்பிட உட்காரும் இடமும் யார் கையில் இருக்கின்றன என்பதே நாம் கேட்க வேண்டியது. அவ்விரண்டையும் பள்ளி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால், குறிகள் பயனற்றுப் போகும். தடை ஆணை அவசியம். அது பாதி வேலைதான்.

வராமையே முதல் புகார்

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவர் ஒருவரை அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்களுள் அவருடன் ஒரே பள்ளியில் படித்த மாணவர்களும் இருந்தனர். நாடு அதிர்ந்தது. நிகழ்வுகளின் வரிசையை மட்டும் இங்கே நினைவுபடுத்திக்கொள்வோம். துன்புறுத்தல் தாங்காமல் அம்மாணவர் முதலில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியிலிருந்து விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். புகார் எழுத்து வடிவம் பெற்றது. அன்றிரவே அரிவாள் வந்தது.

இவ்வரிசை இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, அம்மாணவர் வாய் திறப்பதற்கு முன்பே புகார் அளித்துவிட்டார். வராமையே அவருடைய முதல் புகார். நன்றாகப் படிக்கும் பிள்ளை காரணமின்றிச் சில நாட்கள் வராமல் இருந்தால், அது காய்ச்சலாக இருக்கலாம், கூலி வேலையாக இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். வருகை இப்போது நாள்தோறும் செயலியில் பதிவாகிறது. அந்தத் தகவல் மேலதிகாரிக்கு எண்ணிக்கையாகச் செல்கிறது. குழந்தையின் வீட்டு வாசலுக்குக் கேள்வியாகச் செல்வதில்லை.

இரண்டாவது, புகார் அளித்தவரைக் காக்கும் ஏற்பாடு ஏதும் இல்லாத இடத்தில் புகார்ப் பெட்டி வைப்பது ஆபத்தானது. பெரும்பாலான பள்ளிகளில் நடைமுறை என்னவோ அதுவே எங்கும்: புகார் அளித்தவரையும் புகாருக்கு ஆளானவரையும் ஒரே அறையில் நிறுத்தி விசாரிப்பது, பெற்றோரை வரவழைத்துச் 'சமாதானம்' செய்வது, முடியாவிட்டால் புகார் அளித்த பிள்ளைக்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள அறிவுரை சொல்வது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. அக்கடமை காவல் நிலையத்தில் மட்டும் தொடங்குவதாகப் பள்ளிகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. புகார் எழுதப்பட்ட அன்று மாலை அக்குழந்தை எப்படி வீடு திரும்பும் என்ற கேள்வியிலேயே அது தொடங்க வேண்டும்.

2025 மார்ச் 10 அன்று தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவர் கீழே இழுக்கப்பட்டு வெட்டப்பட்டார். இடக்கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றதே பகைக்குக் காரணம் என்று குடும்பத்தினர் கூறினர். மீண்டும் ஆடுகளம், மீண்டும் பள்ளிக்குச் செல்லும் வழி. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 8, 9 ஆகிய பிரிவுகள் நலிந்த பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் காக்கும் கடமையை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் அளித்துள்ளன. ஆனால் அச்சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. நாம் மேலே கண்ட இருவரும் மேல்நிலை வகுப்பு மாணவர்கள். சட்டத்தின் பாதுகாப்பு முடியும் வயதில்தான் சாதிச் சங்கங்களின் ஆள்சேர்ப்புத் தொடங்குகிறது.

வெட்டியவர்களும் மாணவர்களே

இவ்விடத்தில் நம் தரப்பில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பேச வேண்டும். அரிவாள் எடுத்தவர்களும் பள்ளிச் சிறுவர்களே. அவர்களுடைய குற்றத்தை இது குறைக்காது. சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டும். ஆனால் பதினேழு வயதில் ஒருவனுக்குப் பள்ளியைவிடச் சாதிச் சங்கம் நெருக்கமாகிவிடுவது எப்படி என்று கேட்காமல் அடுத்த அரிவாளைத் தடுக்க இயலாது.

பாடத்தில் பின்தங்கிய, ஆங்கிலம் வராத, ஆசிரியரிடம் பாராட்டுப் பெறாத இடைநிலைச் சாதி மாணவனுக்குப் பள்ளி தருவது தோல்வியை மட்டுமே. அவனுக்குச் சாதிச் சங்கம் ஒரு பெயர் தருகிறது, வரலாறு என்று ஒரு கதை தருகிறது, குருபூசை நாளில் வண்டியில் இடம் தருகிறது, தோளில் கைபோட ஓர் 'அண்ணனை'த் தருகிறது. அவன் பகுதியில் தலித் மாணவர் ஒருவர் நன்றாகப் படித்து ஆசிரியரின் மதிப்பைப் பெறும்போது, அம்மதிப்பைத் தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட சொத்தாகப் பார்க்க அச்சங்கமே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஆதிக்கம் அவன் குடும்பத்தில் பிறந்ததுதான். அது வெறியாக முற்றுவதற்குப் பள்ளி தந்த வெறுமையும் காரணம்.

ஆகவே பள்ளியைச் சொந்தமாக்கும் பணி தலித் மாணவர்களுக்கான சலுகைத் திட்டம் அன்று. சாதியின்றித் தலைநிமிரும் வாய்ப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் தரும் பணி அது. அதே வேளையில் இரு தரப்பையும் சமமாகப் பாவித்து 'மாணவர் மோதல்' என்று எழுதும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஒருவர் மரியாதைக்காகப் பள்ளிக்கு வருகிறார். மற்றவர் அம்மரியாதையைத் தடுக்க வருகிறார். இவ்வேறுபாட்டை மறைக்கும் எந்த நல்லிணக்க விழாவும் பொய்.

துடைப்பமும் கரண்டியும்

2022ஆம் ஆண்டு இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பறையைச் சுத்தம் செய்யவைத்ததாகத் தலைமையாசிரியர்மீது வழக்குப் பதிவாகிக் கைது நிகழ்ந்தது. பிள்ளை ஒன்று நோயுற்றபோது தாய் விசாரித்ததால்தான் அது வெளிவந்தது. அப்பிள்ளைகள் அதுவரை அதைப் புகாராகச் சொல்லவில்லை. பள்ளியில் தமக்குரிய இடம் அதுதான் என்று அவர்கள் நம்பத் தொடங்கியிருந்தால் அதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை.

துடைப்பத்துக்கு மறுபக்கம் கரண்டி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டார். அது நல்ல செயல். ஆயினும் ஆட்சியர் தினமும் வர மாட்டார். அவர் போன பிறகு அச்சமையற்கூடத்தில் அப்பெண் என்ன சொல் கேட்கிறார், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படித்தால் எந்தத் தலைகுனிவோடு தட்டை நீட்டுகிறது என்பதைப் பார்ப்பவர் யார்?

பள்ளியின் வேலிக்கு வெளியே இது எப்படி நீள்கிறது என்பதைத் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளம் 2022இல் காட்டியது. தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் இனி உங்கள் தெருவினருக்குப் பொருள் தரமாட்டோம் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் காணொளியாகவும் எடுத்துப் பரப்பினார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று புரியாமல் நின்ற அப்பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் கடமை பள்ளிக்கு உண்டு. தீண்டாமைக்கு எதிரான வாசகங்கள் நம் பாடநூல்களின் முதற்பக்கத்தில் அச்சாகியுள்ளன. அவை அங்கே இருப்பதால், அதற்கடுத்த பக்கங்களில் சாதியைப் பற்றிப் பேசத் தேவையில்லை என்று பல வகுப்பறைகள் முடிவு செய்துவிட்டன.

அறிக்கையும் முற்றமும்

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஒய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு, 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குதல், அகர வரிசைப்படி இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இன்மை, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தாமை, ஆசிரியர்களுக்குக் குறித்த கால இடமாற்றம், பள்ளி நல அலுவலர் நியமனம், சமூகநீதி மாணவர் படை எனப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. ஊடக விவாதமோ கயிற்றிலும் நெற்றித் திலகத்திலும் சிக்கி நின்றது. ஆசிரியர் நியமனமும் அதிகாரிகளின் பணியிடமும் பற்றிய பரிந்துரைகள் அதிகாரப் பங்கீட்டைத் தொடுபவை. அதனாலேயே அவை குறைவாகப் பேசப்பட்டன என்று நாம் கருதுகிறோம்.

2024 நவம்பரில் பள்ளிக்கல்வித் துறை 'மகிழ் முற்றம்' என்னும் மாணவர் குழு அமைப்பைத் தொடங்கியது. மாணவர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். வகுப்பு கடந்த நட்பையும் தலைமைப் பண்பையும் பொறுப்பையும் வளர்ப்பது இதன் நோக்கம். தனியார் பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள முறை அரசுப் பள்ளிக்கு வந்திருப்பதை நாம் வரவேற்கிறோம். தெருவால் பிரிந்திருக்கும் பிள்ளைகளை ஐந்து நிலங்களாகக் கலக்கும் இக்கருத்தில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. சாதிக் குறியைவிட வலிமையான இன்னொரு குறியைப் பிள்ளைக்குத் தர அது உதவக்கூடும்.

ஆனால் வாய்ப்பு தானாக நிறைவேறாது. குழுப் பிரிப்பு உண்மையான குலுக்கலால் நடக்க வேண்டும். தலைவர் பதவியை ஆசிரியர் தமக்குப் பிடித்த பிள்ளைக்குத் தருவதற்கு மாறாக, அது முறைவைத்துச் சுழல வேண்டும். மதிப்பெண்ணுக்கும் விளையாட்டு வெற்றிக்கும் மட்டும் புள்ளி வழங்கினால், குழுக்கள் பழைய ஏற்றத்தாழ்வின் புதிய சட்டைகளாகும். கபடியின் வெற்றிக்கு விரல்கள் பலியாகும் மண்ணில், தோல்வியை ஏற்கக் கற்பிக்காத போட்டி மேலும் ஒரு பகைக்களம். கலை விழாக்களில் இன்று பறைக்கு மேடை கிடைக்கிறது. அதைத் தலித் பிள்ளைகளின் தோளில் மட்டும் தொங்கவிடும் பள்ளி, மேடையிலும் தொழிலைப் பிறப்போடு கட்டுகிறது. பறை எல்லாக் கைகளிலும் ஒலிக்கட்டும். நாடகத்தின் அரசன் வேடம் எல்லாத் தெருக்களுக்கும் கிடைக்கட்டும்.

தனிப் பள்ளிகள் என்னும் சிக்கல்

ஆதிதிராவிடர் நலத் துறையின்கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இயங்குகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தனியே உள்ளன. இவற்றை எல்லாம் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்ற பரிந்துரைக்குப் பல முனைகளிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. நம்மிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. நலப் பள்ளியில் நம் பிள்ளைக்கு அவமதிப்புக் குறைவு, தெருவின் பெயரை மறைக்கத் தேவையில்லை என்பது உண்மை. அப்பள்ளிகளுக்கான நிதி பொதுத் துறையில் கரைந்துவிடும் என்ற அச்சமும் நியாயமானது. மறுபுறம், ஆதிதிராவிடர் என்ற பலகை தொங்கும் பள்ளிக்கு ஊர்த்தெருப் பிள்ளைகள் வருவதில்லை. சேரிக்கும் ஊருக்கும் இடையிலான எல்லையை அரசே ஒரு கட்டடமாக நிறுத்திவைத்திருக்கிறது என்பதும் உண்மை.

2025 ஜூலையில் அரசின் 2,739 மாணவர் விடுதிகளும் 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பெயர் மாற்றத்தை எளிதாக எண்ண வேண்டியதில்லை. விடுதியின் பெயரே வசையாகும் நாட்டில் பெயருக்குப் பொருளுண்டு. ஆனால் பள்ளிகளைப் பொறுத்தவரை நிர்வாகத்தை ஒன்றாக்கும்போதே, 2024ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்படி நிதி பிரியாமல் அப்பிள்ளைகளையே அடைவதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அந்த உறுதி இல்லாத இணைப்பு, நம் பிள்ளைகளிடமுள்ள சிறிய சொந்தத்தையும் பறித்துக்கொண்டு பொதுப் பள்ளியின் பின்வரிசையில் உட்கார வைக்கும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பள்ளியில் நடக்கும் எல்லா வேலைகளின் பங்கீடும் சுவரில் எழுதப்பட வேண்டும். மணி, தண்ணீர், கரும்பலகை, பரிமாறுதல், வகுப்பறையைக் கூட்டுதல் ஆகியவை வரிசை எண்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் சுழல வேண்டும். சுவரில் எழுதியதைப் பெற்றோர் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். கழிப்பறைத் தூய்மை எந்தப் பிள்ளையின் வேலையும் அன்று. அதற்கு உரிய ஊதியத்துடன் பணியாளர் வேண்டும், அப்பணியாளரைப் பிள்ளைகள் மரியாதையோடு விளிக்கக் கற்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று நாட்கள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் ஆசிரியர் செல்ல வேண்டும். 'காலனிக்குள் நான் போவதில்லை' என்று சொல்லும் ஆசிரியர் அப்பிள்ளைக்கு ஆசிரியர் அல்லர். 'மாணவர் மனசு' பெட்டியில் விழும் புகாரையும் 14417, 1098 எண்களுக்கு வரும் அழைப்பையும் பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் இடம்பெறும் குழு விசாரிக்க வேண்டும். புகார் அளித்தவரின் பெயர் வெளியாகக் கூடாது. வெளியாகும் நிலை வந்தால், அன்று மாலையே அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். புகார் அளித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுப்பதைத் தண்டிக்கத்தக்க செயலாக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தால் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் சென்ற தாய் எப்படி வருவார்? கூட்டம் மாலையில் நடக்கட்டும். ஒரு முறை பள்ளியில் நடந்தால் மறுமுறை நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடக்கட்டும். தம் தெருவுக்குப் பள்ளி ஒருமுறை வந்து போனதைப் பார்த்த குழந்தை, மறுநாள் பள்ளிக்குள் நுழையும் நடை வேறாக இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் தோழர்களுக்கு இங்கே தனியாக ஒரு வேலை காத்திருக்கிறது. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்களாக நம் தெருக்களில் பாடம் சொன்னவர்களுள் பலர் கல்லூரி மாணவர்கள். அதற்கும் முன்பே அம்பேத்கர் பெயரால் நடக்கும் மாலை நேரப் பாடசாலைகள் நம் குடியிருப்புகளில் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கு இப்போது இடமிருக்கிறது. நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு நாள் சென்று வாருங்கள். உணவு நேரத்தில் யார் யாருடன் உட்காருகிறார்கள், துடைப்பம் யார் கையில், அணித்தலைவர் எந்தத் தெரு, காரணமின்றி நின்றுபோனவர் யார் என்று பாருங்கள். பார்த்ததை எழுதித் தலைமையாசிரியரிடமும் குழுவிடமும் கொடுங்கள். விடை வராவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள்.

நம் முன்னோர் பள்ளிக்குள் நுழையும் உரிமைக்காகப் போராடினார்கள். அவர்கள் வென்று தந்த கதவு வழியாக நாம் நுழைந்துவிட்டோம். இனி நடக்க வேண்டியது கதவுக்கு உட்புறத்தில்: மணியின் கயிற்றில், சாப்பாட்டு வரிசையில், அணியின் பெயர்ப்பட்டியலில், புகார்த் தாளில். மணி அடிப்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் ஓடிச்சென்று ஆடும் முற்றம் எந்தப் பள்ளியில் இருக்கிறதோ, அந்தப் பள்ளியே நமக்குச் சொந்தம்.